நன்மையும் நற்கருணையும்

‘அவன் இன்னும் நன்மை வாங்கவில்லை’ என்னும் தொடருக்குப் பொருள் யாது? கத்தோலிக்கர் வாழாத ஊரிற் பிறந்த தமிழாசிரியர், ‘அவனுக்கு இன்னும் நற்பேறு வாய்க்கவில்லை’ என்று உரை கூறுவார். மன்னாரிலோ, யாழ்ப்பாணத்துச் சில்லாலையிலோ, இரத்தோட்டை மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றிலோ வளர்ந்த கத்தோலிக்கச் சிறுவனிடம் கேட்டால் அவன் சிறிதும் தயங்கான். கோவிலிற் பூசை வேளையில் குருவானவர் கொடுக்கும் அப்பத்தைப் பெறுவதே நன்மை வாங்குதல். முதன்முறையாகப் பெறும் நாள் புதுநன்மை. வெள்ளுடையும் கையில் மெழுகுதிரியும் கழுத்திற் செபமாலையுமாகச் சிறுவர் வரிசையாகச் செல்லும் அந்நாளை எந்தத் தாயும் மறவாள்.

அதே தோட்டத்தில், அதே லயத்தில், அடுத்த காம்பறாவிற் குடியிருக்கும் அங்கிலிக்கன் குடும்பத்தார் இதனைத் திருவிருந்து என்பர். பழைய வேதாகமச் சொல்லைப் பேணுவோர் கர்த்தருடைய இராப்போசனம் என்பர். என் வகுப்பில் மாணவர் இருவர் ஒருமுறை இச்சொற்களை வைத்து வழக்காடினர். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவன். இல்லவே இல்லை என்று மற்றவன். இருவரும் ஒரு பாதியே சரி. ஒரே நிகழ்ச்சியின் பெயர்கள்தாம் அவை. ஆயினும் ஒவ்வொரு பெயரினுள்ளும் ஒரு கொள்கை குடியிருக்கிறது. தமிழ்மொழி கற்பார் அறியவேண்டிய செய்தி அதில் நிரம்ப உண்டு.

இயேசு பெருமான் பாடுபடுதற்கு முந்திய இரவில் தம் சீடரோடு உணவருந்தினார். அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டுக் கொடுத்து அதனைத் தம் உடல் என்றும், கிண்ணத்தைக் கொடுத்து அதிலுள்ளதைத் தம் இரத்தம் என்றும் உரைத்தார். தம் நினைவாக அவ்வாறு செய்யுமாறு பணித்தார். இவ்வளவில் கிறித்தவர் எவர்க்கும் வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம், ‘உடல்’ என்று அவர் சொன்னதை எவ்வாறு கொள்வது என்பதிலே தோன்றியது.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். பூசை, பலி, சற்பிரசாதம் என்பன ஒரு கூட்டம். இராப்போசனம், திருவிருந்து, பந்தி என்பன மற்றொன்று. முன்னவை பீடத்தை நினைப்பிக்கின்றன. பின்னவை உணவு மேசையை நினைப்பிக்கின்றன. கத்தோலிக்கர்க்கு அது கல்வாரிப் பலியை இன்று நம் முன்னிலைப்படுத்தும் வழிபாடு; ஆதலின் பலியும் பூசையும். சீர்திருத்தச் சபையார்க்கு அப்பலி ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது. மீட்டும் பீடம் வேண்டா, நினைவுகூரும் விருந்து போதும். வினைச் சொற்களும் இதற்கேற்பவே அமைந்தன. கத்தோலிக்கர் பூசை ‘காண்பர்’. சீர்திருத்தச் சபையார் திருவிருந்திற் ‘பங்குபற்றுவர்’. காணுதல் என்னும் சொல் வந்தமைக்கு வரலாற்றுக் காரணமுண்டு. இடைக்காலத்தில் பொதுமக்கள் அப்பம் பெறுவது மிக அருகியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாஸ்குக் காலத்திற் பெறுக என்று 1215 ஆம் ஆண்டில் நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டளையிட வேண்டியதாயிற்று என்றால், நிலைமையை உய்த்துணரலாம். பெறுதற்கு அஞ்சிய மக்கள், குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற வேளையிற் கண்டு வணங்கி மனநிறைவுற்றனர். அடிக்கடி பெறுக என்று பத்தாம் பத்திநாதர் ஊக்கியது 1905 இல். ஏழு வயதளவிற் பகுத்தறிவு வந்த சிறுவர்க்கும் கொடுக்கலாம் என்று அவர் விதித்தது 1910 இல். இன்று நாம் காணும் புதுநன்மைச் சிறுவர் ஊர்வலம், இவ்வளவு இளைய வயதினருடையதாக, இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது.

‘பூசை’ என்னும் சொல் எளிதில் வந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக்கு அடிகளார் தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கத்தை 1578 இற் கொல்லத்தில் வெளியிட்டவர். அக்காலத்தார் போர்த்துக்கேயச் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்தாண்டனர். ‘மிசா’ என்பது ‘மிசை’ ஆயிற்று. அது தமிழர் செவிக்கு மீசையாக ஒலித்தது என்று நகையாகச் சொல்வதுண்டு. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அந்நியச் சொல்லை விடுத்துப் ‘பூசை’ என்னும் சொல்லை நிலைநாட்டினார். பிற சமயத்தார் கோவிலில் வழங்கும் சொல்லை எடுத்தாளலாமா என்று அவருடைய சபையாருள்ளேயே கண்டனம் எழுந்தது. சொல்லை எடுத்தால் பொருளும் உடன் வருமே என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் முற்றும் வீணானதென்று யான் சொல்லேன்.

இனி ‘நற்கருணை’. கிரேக்கத்தில் இச்சடங்குக்குரிய பெயர் நன்றி கூறுதல் என்னும் பொருளது. அச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்து ‘நல்ல’ என்றும் ‘அருள்’ என்றும் கொண்டு, நற்கருணை என்று வடித்தவர் யாவராயினும் மொழித்திறம் உடையவரே. ஆயினும் மூலத்திலுள்ள நன்றிப்பொருள் அதில் மறைந்துபோயிற்று. கல்லாத மக்கள் வழங்கும் ‘நன்மை’ என்னும் சொல்லிலோ அது மறையவில்லை என்பது எனக்கு வியப்பளிப்பது. பழந்தமிழில் நன்றி என்பதன் பொருளே நன்மை என்பதுதான். திருக்குறளிற் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரப் பெயரை நோக்குக: செய்த நன்மையை மறவாது அறிதல். நன்மையைக் குறித்த சொல் பிற்காலத்தில் அந்நன்மையை நினைந்து கூறும் உரைக்குப் பெயராயிற்று. எனவே நன்மை வாங்கினேன் என்னும் தோட்டத்துப் பாட்டி, தான் அறியாமலே கிரேக்கச் சொல்லுக்கு அண்மையில் நிற்கின்றாள்.

பெயர் நிற்க. கொள்கைப்போர் உச்சம் அடைந்த இடத்துக்கு வருவோம். 1529 ஒக்டோபரில், சேர்மனி நாட்டு மார்புர்க்குக் கோட்டையில், எசே நாட்டுச் சிற்றரசர் பிலிப்பு கூட்டிய பேரவையில் மார்ட்டின் லூதரும் சுவிற்சர்லாந்துச் சுவிங்கிலியும் எதிரெதிர் அமர்ந்தனர். இருவரும் உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர். லூதர் சுண்ணக்கட்டியால் மேசைமீது, இயேசு அப்பத்தைத் தம் உடல் என்ற வாக்கியத்தை இலத்தீனில் நான்கு சொல்லாக எழுதி அதன்மேல் துணியை விரித்தார். வாதம் முற்றியபோது துணியை நீக்கி அச்சொற்களைக் காட்டினார். பதினைந்து தலைப்புகளிற் பதினான்கில் உடன்பட்ட இருவரும் பதினைந்தாவதில், இந்த ஒன்றில், பிரிந்தனர். சீர்திருத்த இயக்கம் அன்று பிளந்த பிளவு பின்னர் ஒன்றுசேரவே பல நூற்றாண்டு சென்றது.

அந்த நான்கு சொற்களில் இரண்டாவது, ‘ஆக இருக்கிறது’ என்னும் பொருட்டாகிய வினை. அவ்வினைக்குக் ‘குறிக்கிறது’ என்று பொருள் கொள்க என்றார் சுவிங்கிலி. வினையில் ஒன்றுமில்லை, ‘உடல்’ என்னும் பெயரிலேயே ஆகுபெயர் உளது என்றார் அவருடைய நண்பர் எக்கொலம்பாடியசு. வாதமெல்லாம் அந்த ஒரு வினையைச் சுற்றிச் சுழன்றது. தமிழிலோ அவ்வினையே இல்லை! ‘இது பொன்’ என்கிறோம். ‘அவன் புலி’ என்கிறோம். எழுவாயை அடுத்துப் பெயரே பயனிலையாய் நின்று வாக்கியம் நிரம்பிவிடுகிறது. இயேசு பேசிய அரமேய மொழியிலும் இத்தகைய வினையின்றி வாக்கியம் அமையலாம் என்று அறிஞர் கூறுவர். எனவே தமிழில் இவ்வாக்கியத்தைப் படிப்பவன் வினையில் மயங்கான். மயங்கினால் பெயரிலே மயங்குவான். ‘இது பொன்’ என்பது செம்பொருள்; ‘அவன் புலி’ என்பது உருவகம். இரண்டுக்கும் வாக்கிய வடிவம் ஒன்றே. இலக்கணம் இவ்வளவில் கைவிடுகிறது. சொல்வோன் யாவன், எவ்விடத்து, எக்கருத்தொடு சொன்னான் என்பதே தீர்ப்பளிக்க வேண்டும்.

நம் இலக்கண நூல்களின் துணைகொண்டு நால்வகைக் கொள்கையையும் மாணவர்க்கு விளக்கலாம் என்பது என் அனுபவம். கத்தோலிக்கர் கொள்வது செம்பொருள்: குருவானவர் அச்சொற்களை உரைத்த அளவில் அப்பம் அப்பமாக நில்லாது ஆண்டவருடைய உடலாகிறது, காண்பது அப்பத்தின் தோற்றமே. சுவிங்கிலி கொள்வது உருவகம்: அப்பம் உடலைக் குறிப்பது, நினைவூட்டுவது. லூதர் கொள்வது நம் தானியாகுபெயரை ஒத்தது. ‘பாலை இறக்கு’ என்றால் பாலையுடைய பாத்திரத்தை இறக்குகிறோம். பாலும் அதனுள் உண்மையாகவே இருக்கிறது. பணப்பையைக் காட்டி ‘இது நூறு வராகன்’ என்பதுபோல என்று லூதரே ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். அப்பமும் அப்பமாகவே உளது. அதனோடும் அதனுள்ளும் உடலும் உளது என்பது அவர் துணிபு. கல்வின் இடைவழி சென்றார்: குறிக்கும் பொருளுக்குக் குறிக்கப்படும் பொருளின் பெயர் ஆகிவந்தது, ஆயினும் வெற்றுக் குறியன்று, விசுவாசத்தோடு உண்பவன் தூய ஆவியின் வல்லமையால் வானுலகிலுள்ள கிறிஸ்துவோடு உண்மையாகவே ஒன்றுபடுகிறான். இந்நால்வகையுள்ளும் அடங்காது கிழக்குத் திருச்சபையார், இது மறைபொருள், எவ்வாறென்று வினவற்க என்று அமைவர். இரட்சணிய சேனையாரும் குவேக்கரும் இச்சடங்கையே நடத்துவதில்லை.

கத்தோலிக்கக் கொள்கையைத் தருக்க நெறியில் நிறுவியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தோமாசு அக்குவினாசு. பொருள் வேறு, பொருளின் நிறம், சுவை, வடிவு முதலிய பண்புகள் வேறு. பொருள் மாறிவிடப் பண்புகள் மட்டும் முன்போல நிற்கின்றன என்றார். 1551 ஒக்டோபரில் திரிதெந்தின் சங்கம் இப்பொருள் மாற்றத்தைத் திருச்சபையின் உறுதியான போதனையாக வரையறுத்தது. தருக்கசங்கிரகம் கற்ற நம்மவர்க்கு உடனே ஒரு வினா எழும்: குணியின்றிக் குணம் நிற்குமோ? குணத்துக்கு ஆதாரம் திரவியம் அன்றோ? இவ்வினா புதிதன்று, பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விக்கிளிப்பு இதனையே எழுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார். இயற்கையில் நில்லாது, இறைவன் வல்லமையால் நிற்கும் என்பதே அக்குவினாசு தந்த விடை. கொள்வாரும் கொள்ளாரும் உளர். ஆனால் இது அறியாமையின்பாற்பட்ட நம்பிக்கை என்று இகழ்வார், அதன் பின்னுள்ள தருக்கத்தின் கூர்மையை அறியாதவரே.

ஈழத்தில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. உயிர்ச்சேதம் வரை சென்றது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்கள் கல்வின் வழியினர். அவர்தம் சபையின் வினாவிடை நூலாகிய 1563 ஆம் ஆண்டு ஐடெல்பேர்க்கு நூல், பூசையை விக்கிரக வணக்கம் என்று வெளிப்படையாகக் கண்டித்தது. அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் ஒல்லாந்தர் ஆலயங்களாயின, பீடங்கள் அகற்றப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டு, நிலையான குருவானவர் இன்றி ஒரு மக்கட்கூட்டம் இருந்தது. இங்கேதான் கொள்கை வேறுபாடு வாழ்க்கையிற் கடிக்கிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு யாரும் கொடுக்கலாம். செபமாலையை வீட்டில் ஓதலாம். இறந்தாரை மன்றாட்டோடு அடக்கலாம். நன்மை மட்டும் குருவின்றி இல்லை. சுவிங்கிலியின் கொள்கையராயின் அப்பத்தைப் பிட்டு நினைவுகூர்ந்திருப்பர். அவர்கள் அதனைச் செய்யவில்லை. பிறந்து வளர்ந்து மணந்து, அப்பத்தை ஒருமுறையேனும் சுவையாத தலைமுறையொன்று சமயத்தை விடாது நின்றது.

1687 இல், கோவையைச் சேர்ந்த யோசேவ் வாசு முனிவர், கூலியாள் வேடத்திற் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். (கொங்கு நாட்டுக் கோவை அன்று, போர்த்துக்கேயர் ஆண்ட கோவா.) கழுத்திற் செபமாலை தெரிய வீடுவீடாகச் சென்று, எவ்வீட்டார் கண் அதன்மேல் நிலைக்கின்றது என்று நோக்கிக் கத்தோலிக்கரை அறிந்தார். சில்லாலையிலே தங்கித் தமிழ் கற்று இரவில் மறைவாகப் பூசை வைத்தார். பூசைக்குக் கூடியோரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்துத் துன்புறுத்தியதும் உண்டு. பின்னர்ப் புத்தளம் வழியாக 1692 இற் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனாற் சிறையிடப்பட்டு, காலஞ்செல்ல அவனுடைய நன்மதிப்பைப் பெற்றார். கல்வினியர் ஆட்சியில் மறைந்து வைத்த பூசையைப் பௌத்த மன்னனின் தலைநகரில் வெளிப்பட வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. எங்கள் மாத்தளை மாவட்டத்திலுள்ள வாகக்கோட்டை, போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கர் கண்டி மன்னர் காலத்திலிருந்தே குடியிருந்த ஊர். இன்றும் அந்தோனியார் திருத்தலமாக விளங்குகிறது. குருவானவர் எங்கும் எப்போதும் இருத்தல் அரிதென்று கண்ட முனிவர், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்து வழிபாட்டை நடத்துவித்தார். 1711 இற் கண்டியில் மறைந்தார். 2015 சனவரி 14 இல் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். அவர்க்குப் பின் உழைத்த யாக்கோமே கொன்சால்வேசு சிங்களத்திலும் தமிழிலும் நூலியற்றியவர். ஈழத்துத் தமிழுரைநடை வரலாறு எழுதுவோர் அவரை விடுதல் பெருங்குறை.

ஒல்லாந்தர் பக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் வேண்டி அவர்கள் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றோர் பல்லாயிரவர். அவருட் திருவிருந்துக்குத் தகுதியுடையோரென ஏற்கப்பட்டோர் மிகச் சிலர். கத்தோலிக்கர்க்கு அப்பம் கொடுக்க ஆளில்லை. ஒல்லாந்தர்க்கு அப்பம் பெற ஆளில்லை. 1806 இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிய பின்னரே நிலை மாறியது.

தமிழகத்தில் எதிர்நின்றவர் கல்வினியர் அல்லர். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த லூதர் வழியினர். மெய்யான பிரசன்னத்தை அவர்களும் மறுத்தாரல்லர் ஆதலின், பூசல் பெரிதும் வேறு பொருள்களைப் பற்றியது. வீரமாமுனிவர் 1728 இல் இயற்றிய வேதவிளக்கம் அப்பூசலிற் பிறந்தது. கண்டனத்துக்காகவேனும் தமிழ் உரைநடை வளர்ந்தது என்று தமிழாசிரியன் மகிழலாம்.

ஆனால் தமிழகத்தில் இந்த விருந்தை உண்மையில் சோதித்தது பொருள்மாற்றம் அன்று; சாதி. சீர்திருத்தச் சபைகளில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் அருந்தவேண்டும். யார் முன், யார் பின்? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளர் முதலானோர் தனியே அமர்ந்து முன்னர் அருந்தும் வழக்கம் நெடுங்காலம் பொறுக்கப்பட்டது. அதனை மாற்ற முற்பட்ட இளம் பாதிரிமாரை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் 1829 இல் எழுதினார். கவிதையில் உயர்ந்த அவர் இவ்விடத்திற் சறுக்கினார் என்றே சொல்வேன். 1833 இற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை சபையில் உடனே, முற்றாக ஒழிக என்று ஆணையிட்டார். பலர் திருவிருந்தையே துறந்து வெளியேறினர். ஆண்டவரின் இரத்தம் என்று நம்பியதை அருந்துவதினும் அயலான் உதடுபட்ட கிண்ணத்தை விலக்குதல் அவர்க்குப் பெரிதாயிற்று. கத்தோலிக்கர், 1415 ஆம் ஆண்டுக் கொன்சுதான்சுச் சங்கத்தின் விதிப்படி பொதுமக்களுக்கு அப்பம் மட்டுமே கொடுத்தமையால் கிண்ணத்தால் வரும் சிக்கலினின்று தப்பினர், சாதியினின்று தப்பினாரல்லர். நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872 இற் கட்டிய கோவில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு மண்டபங்கள் விரிந்து செல்ல, சாதிக்கு ஒன்றாக நடுவே சுவருடன் அமைந்தது. அச்சுவர் 1910 இல் இடிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மாற்றங்கள் விரைந்தன. நள்ளிரவிலிருந்து நீரும் பருகாது நோன்பிருந்து நன்மை வாங்கும் விதி 1953 முதல் தளர்ந்து, 1964 இல் ஒருமணி நேரமாகச் சுருங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசெம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டின் பயனாக இலத்தீன் பூசை தமிழ்ப் பூசையாயிற்று. திருப்பலி என்னும் பெயர் பரவிற்று. குறிப்பிட்ட வேளைகளிற் பொதுமக்களுக்குக் கிண்ணமும் திறந்தது. சோறுண்ணும் நாட்டில் அப்பம் மட்டும் இன்றும் கோதுமையப்பமே. அரிசியப்பம் செல்லாது என்பது கத்தோலிக்கச் சட்டம். மறுபுறம், 1947 செப்தெம்பர் 27 இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றி அங்கிலிக்கரையும் மெதடிஸ்தரையும் பிறரையும் ஒரு மேசையில் அமர்த்தியது. யாழ்ப்பாணத்தார் அதில் ஒரு பேராயமாயினர். அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகம வரலாற்றைத் தமிழில் எழுதிய அறிஞர். இலங்கைச் சபைகளை ஒன்றாக்கும் திட்டமோ 1972 இல் நிறைவேற இருந்த வேளையில் வழக்கினால் நின்றுபோயிற்று.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இவ்வரலாறெல்லாம் ஒரு திருமண நாளிலே தலைகாட்டும். மணமகள் கத்தோலிக்கர், மணமகன் அங்கிலிக்கன் என்று கொள்வோம். கோவிலில் எல்லாரும் ஒன்றாகப் பாடுவர், ஒன்றாக முழந்தாளிடுவர். நன்மை வாங்கும் வேளையில் பெண்வீட்டார் எழுந்து வரிசையாகச் செல்ல, மாப்பிள்ளை வீட்டார் வாங்கிலே அமர்ந்திருப்பர். மணமகன் தன் மனைவியின் அருகே வெறுங்கையுடன் நிற்பான். 1983 ஆம் ஆண்டுக் கத்தோலிக்கச் சட்டத்தொகுதி, மரண ஆபத்து முதலிய நெருக்கடிகளில், அந்நற்கருணையைக் கத்தோலிக்கர் போலவே நம்பித் தாமாகக் கேட்கும் பிற சபையார்க்குக் கொடுக்க இடந்தருகிறது. திருமண மகிழ்ச்சி நெருக்கடியாகாது. அங்கிலிக்கன் ஆலயத்தில் அழைப்பு அகன்றது. அங்கே அமர்ந்திருப்பவர் பெண்வீட்டார். ஒரே கொள்கையின்றி ஒரே அப்பத்தை உண்பது பொய்யொப்பம் என்பர் ஒருசாரார். ஒரே அப்பத்தை உண்டால் ஒருமை தானே வரும் என்பர் மற்றொரு சாரார். முன்னதில் நேர்மை உண்டு; பின்னதில் அன்பு உண்டு. லயத்துக்குத் திரும்பியதும் இருவீட்டாரும் ஒரே பந்தியில் ஒரே பானைச் சோற்றை உண்பதால், வினா இன்னும் கூர்மையாகிறது.

1982 இற் பேரு நாட்டு இலீமா நகரில், கத்தோலிக்க இறையியலார் உள்ளிட்ட பல சபையார் கூடி இப்பொருள் பற்றி ஓர் உடன்பாட்டு ஏடு வரைந்தனர். நினைவு என்பது வெறும் நினைப்பன்று, அன்று நிகழ்ந்ததை இன்று பயன்படச் செய்வது என்பதில் அவர்கள் பெரிதும் நெருங்கினர். தமிழிலும் ஒரு நெருக்கம் நிகழ்ந்தது. 1871 ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பிற் சீர்திருத்தச் சபையார் ‘சரீரம்’ என்று படித்துவந்தனர். கத்தோலிக்கரும் அவர்களும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு 1995 இல் வெளிவந்தபோது, அது ‘உடல்’ என்னும் தமிழ்ச்சொல்லாயிற்று. அந்நூல் இன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளிற் பெரும்பாலானவை பழைய சரீரத்தையே விடவில்லை.